படகு குடித்த தண்ணீர்

அன்றைக்குச் சாயங்காலம் படகு பாதிச் சரிவிலேயே நின்றுவிட்டது.

ஏரிக்கரையில் சிமென்ட் பூசிய சாய்தளம் ஒன்று தண்ணீருக்குள் இறங்கும். கடைசி நடை முடிந்ததும் படகைச் சக்கர வண்டியில் ஏற்றி, மேலே கம்பத்தில் பூட்டியிருக்கும் வின்ச் என்கிற கம்பிச் சுருள் உருளையைக் கையால் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு இழுத்துவிடுவது வழக்கம். படகுக்காரி கைப்பிடியைச் சுற்றுவாள். அவள் புருஷன் பின்னால் நின்று தோள் கொடுத்துத் தள்ளுவார். தள்ளுவதைவிடப் பேசுவதுதான் அதிகமாக இருக்கும். பகலெல்லாம் தையல் மெஷின் முன்னால் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதர், அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு நாள் பேச்சையும் கொட்டித் தீர்த்துவிடுவார்.

அன்றைக்கு அவர் பேசவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, உடம்பையே அதன்மேல் போட்டு அழுத்தினாள். பல்சக்கரம் 'டக்' என்றது. அடுத்த 'டக்' வரவில்லை. கை வெடவெடவென்று நடுங்கியது. விரல்கள் தானாகவே விட்டுவிடப் பார்த்தன.

"கிரீஸ் காஞ்சிருச்சு," என்று கீழேயிருந்து தையல்காரர் சொன்னார்.

"போன வாரம்தானே போட்டீங்க?"

"அப்போ கம்பி துருப்பிடிச்சிருக்கும்."

கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்து தள்ளினார்கள். படகு மேலே வந்தது. அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு நடக்கும்போது அவள் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தாள். வந்துவிட்டது என்று நினைத்தாள். அம்மாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது.

அம்மாவுக்கு அது தொடங்கியபோது, இப்போது இவளுக்கு இருக்கிற வயசுதான். ஈரத் துணியைப் பிழிய முடியவில்லை என்றாள் முதலில். துவைக்காமல் தப்பிக்கப் பார்க்கிறாள் என்று அப்பா கேலி செய்தார். பிள்ளைகளும் சேர்ந்து சிரித்தார்கள். அப்புறம் டப்பா மூடி திறக்க வரவில்லை. அப்புறம் ஜாக்கெட் கொக்கி மாட்ட வரவில்லை. டம்ளரைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. போகப் போக இரண்டு கையும் போதவில்லை. தசை நோய் என்று நீளமான பெயர் ஒன்றைச் சொன்னார்கள். கடைசி வருஷங்களில் அம்மாவுக்கு ஊட்டிவிட்டது இவள்தான். ஒவ்வொரு வாய்க்கும் அம்மா கண்ணாலேயே மன்னிப்புக் கேட்பாள். அந்தப் பார்வையை மட்டும் இவளால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதனால்தான் அவள் யாரிடமும் வாய் திறக்காமல் தன்னைத்தானே சோதித்துப் பார்க்கத் தொடங்கினாள். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு போர்வையை நனைத்துப் பிழிந்தாள். நன்றாகத்தான் பிழிந்தாள். ஆனால் பயம் பிடித்தவளுக்கு எதுதான் போதும்? கடைசிச் சொட்டு விழுவதற்கு நேரமானது போலவே இருந்தது. வீட்டில் மூடி இறுகிய பாட்டில்களையெல்லாம் திறந்து திறந்து பார்த்தாள்.

"யாரு இந்தச் சர்க்கரை டப்பாவைத் திறந்து போட்டது? எறும்பு கல்யாணம் பண்ணிக்கிட்டு இருக்கு இங்க," என்று தையல்காரர் சத்தம் போட்டார்.

"நான்தான். மறந்துட்டேன்."

நரம்பு டாக்டரிடம் தேதி வாங்கி வைத்தாள். அதையும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்த்தால் ஒரு வருஷமாகவே எல்லாம் சறுக்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது என்று அவளுக்குப் பட்டது. அவள் படகு பைபர் படகு. நீளமாக, இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டது. அடியில் படகின் வெளி ஓடு, அதற்கு மேலே நடக்கிற தளம், இரண்டுக்கும் நடுவில் கெட்டியான ஃபோம் அடைத்திருக்கும். படகு முழுக்கத் தண்ணீர் நிரம்பினாலும் அந்த ஃபோம் மூழ்க விடாது என்று விற்றவர் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் அதை வாங்கினாள். காலையில் இக்கரைப் பெண்களை அக்கரையில் இருக்கிற பாட்டில் ஆலைக்குக் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது அவள் தொழில். சாலை வழியாகப் போனால் ஏரியையே சுற்ற வேண்டும், இரண்டு பஸ் மாற வேண்டும். அந்தப் பெண்களில் பாதிப் பேருக்கு நீச்சல் தெரியாது. இவள் தருகிற மிதவைச் சட்டையைக்கூட, ஜாக்கெட் கசங்குகிறது என்று முனகிக்கொண்டேதான் போட்டுக்கொள்வார்கள்.

முன்பெல்லாம் எஞ்சின் கைப்பிடியை லேசாகத் திருகினாலே படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறக்கும். இப்போது முழுக்கத் திருகினாலும் நிறைமாதக்காரி மாடிப்படி ஏறுகிற மாதிரி போனது. மெக்கானிக்கிடம் சொன்னாள். ஊரே அவனை நட்டு என்றுதான் கூப்பிடும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு பிடி நட்டு குலுங்கும். நட்டு எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டிக் கொடுத்தான். மந்தம் போகவில்லை. திரும்பவும் பார்த்தான். போகவில்லை. அதற்கப்புறம் அவள் தெருமுனையில் திரும்புவதைப் பார்த்தாலே ஆள் கடைக்குப் பின்னால் மாயமாகிவிடுவான்.

படகுக்குள் தண்ணீர் ஏறியிருக்குமோ என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தினமும் தளத்தைத் தடவிப் பார்ப்பாள். பொட்டுத் தண்ணீர் இருக்காது. "வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு உட்காரலாம் என் படகுல," என்று அவளே பெருமை பேசியிருக்கிறாள். ஆக, படகில் கோளாறு இல்லை, எஞ்சினிலும் இல்லை. மிச்சம் இருப்பது அவள் கைதான்.

அந்த வாரக் கடைசியில் படகை அக்கரைத் துறையில் முட்டிவிட்டாள். எப்போதும் போலத்தான் எஞ்சினைக் குறைத்தாள். ஆனால் படகு நிற்காமல், சொன்ன பேச்சு கேட்காத எருமை மாதிரி நேராகப் போய்த் துறையின் கல்லில் மோதியது. யாருக்கும் அடி இல்லை. ஒரு பெண்ணின் டிபன் பெட்டி மட்டும் தண்ணீரில் விழுந்து மிதந்தது. எல்லோரும் அதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைப்பிடியைத் திருகத் தாமதித்துவிட்டேன், என் கை என் பேச்சைக் கேட்கவில்லை என்று நினைத்தாள்.

மூக்கில் விரிசல் விட்டிருந்தது. அதைச் சரிசெய்யத் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவள் தம்பிக்குப் பைபர் வேலை. தண்ணீர்த் தொட்டி, கார் பம்பர், பூங்காக்களில் வைக்கிற குப்பைத்தொட்டி பொம்மை, எல்லாம் செய்வான். அவன் பட்டறை, பழைய இரும்புக்கடை ஒன்றின் பின்புறத்தில் இருந்தது. சின்ன லாரி ஒன்றைப் பிடித்து, வண்டியோடு படகைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். தையல்காரரும் கடையைச் சாத்திவிட்டுக் கூடவே வந்தார். பட்டறை வாசலில் தம்பி இறங்கி, படகு வண்டியின் சக்கரத்தைப் பார்த்தான். டயர் இரண்டும் சப்பையாக அமுங்கியிருந்தன.

"என்னக்கா இது, உள்ளே ஏதாவது சாமான் வெச்சிருக்கியா?"

"என்ன சாமான்? எஞ்சினைக்கூடக் கழட்டியாச்சு."

தம்பி முஷ்டியால் படகின் பக்கவாட்டைத் தட்டினான். மேலே தட்டியபோது டொக் டொக் என்றது. கீழே இறங்க இறங்க, நனைந்த மூட்டையைத் தட்டுகிற மாதிரி சத்தமே இல்லை. அவன் முகம் மாறியது. நேராகப் போய் இரும்புக்கடைக்காரரிடம் பேசினான். அங்கே லாரிகளை நிறுத்தி எடைபோடுகிற மேடை உண்டு. படகை வண்டியோடு அதன்மேல் ஏற்றினார்கள்.

"வாங்கும்போது எடை எவ்வளவு சொன்னாங்க?"

"அரை டன்னுக்கும் குறைவுன்னு சொன்னாங்க. ஏண்டா?"

"வண்டியைக் கழிச்சுட்டுப் பார்த்தாலும் ஒரு டன்னுக்கு மேல காட்டுது. உன் படகு தண்ணி குடிச்சிருக்குக்கா. தளத்துக்கு அடியில இருக்கிற ஃபோம் முழுக்க ஊறிக் கெடக்கு. நீ இத்தனை நாள் ரெண்டு படகை இழுத்துக்கிட்டு இருந்திருக்கே."

அவள் எடை காட்டும் பெட்டியைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். திரும்பவும் பெட்டியைப் பார்த்தாள். அப்புறம் அந்த இரும்பு மேடையிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். முதலில் சிரிப்புதான் வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் முட்டி, அது அழுகையாகவே ஆகிவிட்டது.

தம்பி பயந்துவிட்டான். "அழாதக்கா. படகு ஒண்ணும் போயிடலை. திறந்து காயவெச்சு நானே சரிபண்ணித் தரேன். நீ எதுக்கு இப்போ..."

"நான் நல்லாத்தாண்டா இருக்கேன்," என்றாள் அவள், மூக்கைத் துடைத்துக்கொண்டே. "நான் நல்லாத்தான் இருக்கேன்! கனத்தது படகுதான்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்."

"உனக்குப் புரியாது. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுன்னு நினைச்சேன்."

தம்பியும் அதே அம்மாவுக்குப் பிறந்தவன்தானே. மெதுவாக வந்து பக்கத்தில் குந்தினான். அவள் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு, "எங்க, அமுக்கு பார்ப்போம்," என்றான். அவள் அமுக்கினாள். "ஆ! விடுக்கா, விடு! மோதிர விரல்!"

தையல்காரர் அதுவரை மேடைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் ஒரு மாதிரி கோணியிருந்தது.

"இத்தனை நாள் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே நீ."

"சொன்னா நீங்க தூங்கமாட்டீங்க."

"இப்போ மட்டும் தூங்கினேனாக்கும்? நான் என் மூச்சுதான் போச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். முன்ன மாதிரி தள்ள முடியலையே, பொண்டாட்டி ஒத்தையில இழுக்கிறாளேன்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "கடையில துணி போட்டுப் பார்க்கிற மறைப்பு இருக்கில்ல, அதுக்குள்ள தினமும் தண்டால் எடுத்தேன். ஒருநாள் ஒரு அம்மா ஜாக்கெட் போட்டுப் பார்க்கத் திரையை விலக்கிட்டாங்க. நான் தரையில கெடக்கேன். ஐயோ டாக்டரைக் கூப்பிடுங்கன்னு தெருவே கூடிருச்சு."

தம்பி சிரித்த சிரிப்பில் இரும்புக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். மேடையிலிருந்து இறங்கச் சொன்னார்; லாரி ஒன்று காத்துக்கொண்டிருந்தது.

மறுநாளே வேலையில் இறங்கினார்கள். ஆலைப் பெண்களிடம் சில வாரங்கள் பஸ்ஸில் போகச் சொல்லிவிட்டாள். முதல் காரியமாகத் தம்பி படகின் பின்பக்கம், ஓட்டின் தாழ்ந்த இடத்தில் துளைபோட்டான். துளைக்கருவியை வெளியே எடுத்ததும் பழுப்பாக ஒரு நீர்க்கோடு பீறிட்டது. அடியில் வாளி வைத்தார்கள். வாளி நிறைந்தது, வேறு வாளி வைத்தார்கள். ஒரு கட்டத்தில் வாளியை எடுத்துவிட்டு, அதன் போக்கில் ஓடட்டும் என்று விட்டுவிட்டார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் பட்டறை வாசலில் உட்கார்ந்து டீ குடித்தாள். அத்தனை ருசியான டீயை அவள் சமீபத்தில் குடித்ததில்லை.

தண்ணீர் வடிந்தாலும் ஃபோம் தானாகக் காயாது, தோண்டித்தான் எடுக்க வேண்டும் என்றான் தம்பி. முகமூடி, கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டு, பெஞ்சுகளைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் ஒரு சாண் விட்டுத் தளத்தைச் சுற்றிலும் மெஷினால் அறுத்தான். வெள்ளைத் தூசி பட்டறை முழுக்கப் பறந்தது. தளத்தைப் பெரிய மூடி மாதிரி தூக்கியபோது மேலாக இருந்த ஃபோம் மஞ்சளாக, காய்ந்து, நன்றாகத்தான் இருந்தது. ஒரு சாண் கீழே போனதும் பாலில் போட்ட ரொட்டிதான். விரலால் அமுக்கினால் தண்ணீர் வந்தது. மக்கின துணியின் வாடை அடித்தது.

மூன்று பேரும் சேர்ந்து தோண்டினார்கள். தம்பி மண்வெட்டியால் வெட்டினான். மூலைகளுக்கு மண்வெட்டி போகாததால் அவள் வீட்டிலிருந்து பழைய கரண்டி ஒன்றை எடுத்துவந்து சுரண்டினாள். தையல்காரர் கோணிகளில் வாரிக் கட்டினார். பஞ்சு மாதிரி இருக்க வேண்டிய சரக்கு. ஒரு கோணியைத் தூக்க ஆள் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோணி வெளியே போகும்போதும் அவளுக்குத் தன் நெஞ்சுக்குள்ளிருந்தே எதையோ எடுத்து வீசுகிற மாதிரி இருந்தது.

தண்ணீர் எந்த வழியாக வந்தது என்பதும் தெரிந்தது. வெட்டியெடுத்த தளத்தைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், பெஞ்சுகளின் போல்ட் இறங்கின ஒவ்வொரு துளையைச் சுற்றியும் பழுப்பு வளையம். துளைபோட்டுப் போல்ட்டை முடுக்கியிருந்தார்களே தவிர, ஓரத்தில் பசை வைத்து அடைக்கவில்லை. மழையும், அவள் தினமும் படகைக் கழுவி ஊற்றின தண்ணீரும் அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்த் தங்கிவிட்டன. அவள் துடைத்துத் துடைத்துப் பெருமைப்பட்ட தளம் காய்ந்திருந்ததற்குக் காரணமே, தண்ணீரையெல்லாம் கீழே அனுப்பிவிட்டதுதான்.

"பெஞ்சு மாட்டினது யாரு?" என்று தம்பி கேட்டான்.

தையல்காரர் கோணியின் வாயை ரொம்பக் கவனமாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா?"

"துணியில ஓட்டை போட்டே பழகின கை, மாப்ள. அதுல தண்ணி இறங்கும்னு யாரு கண்டா?"

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. "இனிமே நீங்க ஊசியைத் தவிர வேற எதையும் கையில எடுக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னாள். அவர் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். நல்ல வெயில் நேரம் அது; கோணி சுமப்பதிலிருந்து தப்பித்தார்.

உள்ளே நீளவாக்கில் ஓடிய மரச்சட்டம் ஒன்று உளுத்துப்போயிருந்தது. அதை வெட்டிவிட்டு, புதுப் பலகை வைத்து, கண்ணாடிநார் விரிப்பை ரெசின் என்கிற பிசினில் தோய்த்துச் சுற்றிப் போர்த்தினான் தம்பி. அப்புறம் படகின் வெளி ஓட்டைக் காயவைக்கும் வேலை. தார்ப்பாயால் கூடாரம் கட்டி, உள்ளே பெரிய பல்புகளும் மின்விசிறிகளும் வைத்தார்கள். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஓட்டின் உள்பக்கம் கண்ணாடித் தாள் ஒன்றை நாலு பக்கமும் ஒட்டிவைப்பான். மறுநாள் தாளுக்கு அடியில் ஆவி படிந்திருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். காலையில் அவள் வந்து நிற்பாள். தம்பி தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவான். அவள் திரும்பிப் போய்விடுவாள்.

அந்த நாட்களில் ஒன்றில்தான் நட்டு வந்தான். ஊரில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பட்டறை வாசலில் நின்று, வெளியே அடுக்கியிருந்த கோணிகளைப் பார்த்தான். ஒன்றை எட்டி உதைத்தான், கால்தான் வலித்தது.

"இவ்வளவும் உள்ளேயா இருந்துச்சு?"

"இன்னும் கொஞ்சம் அள்ளிட்டுப் போயாச்சு," என்றாள்.

"அப்போ என் எஞ்சின்?"

"உன் எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லடா. யானையைக் கட்டி இழுத்திருக்கு, பாவம்."

நட்டு அப்படியே தலையில் கைவைத்துக் கோணிமேல் உட்கார்ந்துவிட்டான். "அக்கா, தொழிலையே விட்டுடலாமான்னு யோசிச்சேன். எங்க தப்பு பண்ணினேன்னு தெரியாம, கனவுலகூட அந்த எஞ்சினையே பிரிச்சுக்கிட்டு இருந்தேன். உங்களைக் கண்டாலே ஓடி ஒளிஞ்சேன்."

"தெரியும். கடைக்குப் பின்னால இருக்கிற முருங்கை மரத்துக்குப் பின்னாடி நிப்பே. உன் தொப்பை மரத்தைவிட அகலம்."

ஓட்டைப் படகு ஒன்று எத்தனை பேரைக் குற்றவாளியாக்கி வைத்திருக்கிறது என்று அவளுக்கு வியப்பாக இருந்தது.

இதற்கு நடுவில் டாக்டர் தேதி வந்தது. வேண்டாம் என்று விட்டுவிடத்தான் அவள் நினைத்தாள். படகுதான் காரணம் என்று தெரிந்த பிறகு எதற்கு? ஆனால் தையல்காரர் விடவில்லை. "படகைத் திறந்து பார்த்தோம், அதனால தெரிஞ்சுச்சு. உன்னையும் ஒருதடவை பார்த்துட்டா என்ன கெட்டுப்போச்சு? நானும் என் மூச்சைக் காட்டிக்கிறேன்," என்றார். கூடவே போனார்.

டாக்டரம்மா அவள் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்தார், மடக்கினார், முழங்காலைச் சுத்தியால் தட்டினார். அம்மாவைப் பற்றி அவள் சொன்னதையும், போர்வையைப் பிழிந்து பார்த்த கதையையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஊசி வைத்து மின்சாரம் பாய்ச்சுகிற சோதனையும் எடுத்தார்கள். கைப்பிடியின் பலத்தைக் காட்டும் கருவி ஒன்றைக் கையில் கொடுத்து, முடிந்த மட்டும் அமுக்கச் சொன்னார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினாள்.

"போதும், போதும். கருவி எங்களோடது," என்றார் டாக்டரம்மா. "என்ன வேலை பாக்கறீங்க?"

"படகு ஓட்டறேன்."

"அப்படியா? தாராளமா ஓட்டுங்க. கையில இப்போ ஒரு கோளாறும் இல்லை. அம்மாவுக்கு இருந்ததால வருஷத்துக்கு ஒருதடவை வந்து காட்டிட்டுப் போங்க. நடுவுல நீங்களா போர்வையைப் பிழிஞ்சு பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம்."

இனிமேல் எப்போதுமே வராது என்று டாக்டர் சொல்லவில்லை என்பதை அவள் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போது உடம்பு காற்றாக இருந்தது. தையல்காரரின் மூச்சும் சரியாக இருந்தது. எண்ணெயைக் குறைக்கச் சொன்னார்கள், அவ்வளவுதான். "இதுக்கு நான் தண்டால் எடுத்திருக்கவே வேண்டாம்," என்று அவர் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

ஒருநாள் காலையில் கண்ணாடித் தாளுக்கு அடியில் ஆவியே இல்லை. தம்பி கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான்.

அப்போது ஒரு சின்ன தகராறு வந்தது. திரும்ப ஃபோம் அடைக்க வேண்டாம் என்றான் தம்பி. உள்ளே வெறுமையாக விட்டுவிட்டால் ஊறுவதற்கே ஒன்றும் இருக்காது, படகும் லேசாகும்.

"உள்ளே தண்ணி நிறைஞ்சா?"

"ஏன் நிறையுது? அதான் அடைக்கப் போறோமே."

"கல்லுல மோதி ஓடு பிளந்தா? என் படகுல வர்ற பொண்ணுங்களுக்கு நீச்சல் தெரியாதுடா. ஃபோம் இல்லாம நான் ஒருத்தியைக்கூட ஏத்தமாட்டேன்."

தம்பி தலையைச் சொறிந்தான். அக்கா சொன்னால் சொன்னதுதான் என்பது சின்ன வயசிலிருந்தே அவனுக்குத் தெரியும். கடைசியில் இரண்டு பேருக்கும் ஒத்துவருகிற ஒரு வழி கண்டுபிடித்தார்கள். தண்ணீர் குடிக்காத நல்ல ஃபோமாகவே அடைப்பது; ஆனால் அடியில், நட்டநடுவில், முன்னிருந்து பின்வரை ஒரு வாய்க்கால் விடுவது. எப்போதாவது ஈரம் இறங்கினாலும் அது வாய்க்கால் வழியாகப் பின்பக்கம் வந்து சேரும். அங்கே கைவிட்டுப் பார்க்கிற அளவுக்கு ஒரு திருகு மூடி.

அந்த ஃபோம் இரண்டு திரவமாக வரும். சரிபாதி ஊற்றி, விறுவிறுவென்று கலக்கி, கவிழ்த்துவிட்டு ஒதுங்க வேண்டும். கண் இமைக்கிற நேரத்தில் பால் பொங்குகிற மாதிரி பொங்கி எழுந்து, அப்படியே கல்லாக இறுகிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஊற்ற வேண்டும் என்று தம்பி படித்துப் படித்துச் சொன்னான். அவன் போன் பேச வெளியே போன சமயம் பார்த்து, தையல்காரர் தாராள மனசோடு ஒரு வாளியையே கவிழ்த்துவிட்டார். ஃபோம் பொங்கியது. ஓட்டின் விளிம்பைத் தாண்டியது. தரையில் இறங்கி நடந்தது. அவர் செருப்பை விட்டுவிட்டுத் தப்பித்தார். செருப்பு அங்கேயே சமாதியானது.

"ஊசி! ஊசியைத் தவிர எதையும் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?" என்று அவள் கத்தினாள். கத்த முடியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

மிஞ்சினதை ரம்பத்தால் சீவி எடுத்து, மூக்கு விரிசலையும் தண்ணீர் வடியப் போட்ட துளையையும் அடைத்து, தளத்தைத் திரும்பப் பொருத்தி, விளிம்பெல்லாம் கண்ணாடிநார் ஒட்டி, தேய்த்து, பூச்சு அடித்தார்கள். போல்ட் துளைகளைத் தம்பி பெரிதாக்கி, ரெசினால் முழுக்க அடைத்து, இறுகினபிறகு அந்த ரெசினுக்குள்ளேயே புதுத்துளை போட்டு, பசை வைத்து முடுக்கினான். தையல்காரரைப் பக்கத்திலேயே விடவில்லை.

தண்ணீரில் இறக்கிய அன்று, பெண்களை ஏற்றுவதற்கு முன்னால் தனக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்றாள் அவள். கரையோரம் கழுத்தளவு ஆழத்தில், எஞ்சின் மாட்டாத படகை நிறுத்தி, நட்டுவின் பம்பை வைத்து அதற்குள் தண்ணீர் ஊற்றச் சொன்னாள்.

"இத்தனை நாள் காயவெச்சது இதுக்குத்தானா?" என்று தையல்காரர் அலறினார்.

"ஊத்துடா நட்டு."

தண்ணீர் ஏறியது. தளம் மூழ்கியது, பெஞ்சு மூழ்கியது. படகு இறங்கிக்கொண்டே வந்து, விளிம்பு மட்டும் தெரிகிற அளவில் நின்றது. நின்றேவிட்டது. தம்பி உள்ளே ஏறி உட்கார்ந்தான். நட்டு ஏறினான். தையல்காரரும் வேட்டியை மடித்துக்கொண்டு ஏறி, மார்பளவு தண்ணீரில் பெஞ்சில் உட்கார்ந்தார். படகு கொஞ்சம் ஆடியது. மூழ்கவில்லை. மூன்று ஆண்களும் தொட்டியில் உட்கார்ந்த எருமைகள் போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாவற்றையும் இறைத்து வடித்த பிறகு, அவள் பின்பக்கத்துத் திருகு மூடியைத் திறந்தாள். முழங்கைவரை கையைவிட்டு வாய்க்காலைத் துழாவினாள். வெளியே எடுத்து, உள்ளங்கையை விரித்து, மூன்று பேருக்கும் காட்டினாள். கொஞ்சம் வெள்ளைத் தூசி ஒட்டியிருந்தது. அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் ஆலைப் பெண்கள் துறைக்கு வந்து சேர்ந்தார்கள். பஸ்ஸில் பட்ட பாட்டையெல்லாம் ஒரே மூச்சில் அவளிடம் கொட்டினார்கள். ஒருத்திக்குக் காலில் மிதி, இன்னொருத்திக்குக் குடை போச்சு. மிதவைச் சட்டையை அன்றைக்கு யாரும் முனகாமல் போட்டுக்கொண்டார்கள். அவள் கயிற்றை அவிழ்த்து, எஞ்சினைக் கிளப்பி, பழகின கையால் கைப்பிடியை முழுக்கத் திருகினாள்.

படகு குதித்தது. முன்னால் இருந்த பைகளெல்லாம் பின்னால் வந்து விழுந்தன. பெண்கள் வீலென்று கத்தினார்கள். கத்தல் பாதியிலேயே சிரிப்பாகிவிட்டது. அவள் சட்டென்று கையைத் தளர்த்தினாள். இனி இதற்குப் புதிதாகக் கை பழக வேண்டும். பாதிதான் திருகினாள், அப்போதும் படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, ஏரியை இரண்டாகக் கிழித்துக்கொண்டு பறந்தது. முகத்தில் சாரல் அடித்தது. ஒருத்தியின் தாவணி பின்னால் இருந்தவளின் முகத்தை மூடியது.

அக்கரைத் துறையில் கல்லுக்கு ஒரு கை தூரத்தில், பூ வைக்கிற மாதிரி படகை நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தால் ஆலைக் கதவு இன்னும் திறக்கவில்லை. காவல்காரர் உள்ளே நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"வந்து சேர்ந்தாச்சு. இறங்குங்கடி," என்றாள்.

யாரும் அசையவில்லை. ஒருத்தி கதவைப் பார்த்தாள், ஏரியைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"அக்கா, கதவு திறக்கிறதுக்குள்ள இன்னொரு சுத்து போயிட்டு வந்துடலாமா?"

"பெட்ரோல் உங்க அப்பாவா ஊத்துவாரு?" என்று அதட்டிக்கொண்டே, அவள் படகைத் திருப்பினாள்.